கிரீடத்திலிருந்து விளிம்பு வரை

ஹட்டன்,
04.12.2024

திடீர் மரண விசாரணை அதிகாரி அவர்களுக்கு,

ஐயா,

வட்டவளைக்கு மேலே கடந்த மாதம் 27ஆம் திகதி சரிந்த மண்ணிலிருந்து மீட்கப்பட்டு, இன்னும் அடையாளம் காணப்படாத இளைஞரின் இடுப்பிலிருந்த காசைப் பார்வையிட்டு அபிப்பிராயம் தருமாறு கேட்டிருந்தீர்கள். இந்நகரில் சட்டத்தரணியாகத் தொழில் செய்பவன் என்ற முறையில் அன்றி, முப்பது வருடமாகப் பழங்காசு சேர்ப்பவன் என்ற முறையில் மாத்திரமே இதை எழுதுகிறேன்.

காசு 1943ஆம் ஆண்டின் இலங்கை ஐம்பது சதம். சிவப்புத் துணித் துண்டில் முடிந்து அரைஞாண் கயிற்றில் கட்டப்பட்டிருந்ததால் சேறு அதிகம் படவில்லை. மன்னரின் தலைப்பக்கத்தில், கிரீடத்தின் உச்சியிலிருந்து விளிம்பு வரை ஒரு கோடு ஓடுகிறது. விளிம்பை அடையுமுன் இரண்டாகப் பிரிகிறது. கோடு பள்ளமாக இல்லை, மேடாக இருக்கிறது. ஆகவே இது பின்னாளில் எவரும் கீறியதன்று. காசு அடிக்கும் உருக்கு அச்சு பல்லாயிரம் அடிகளுக்குப் பின் வெடிப்பதுண்டு. அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுந்து காசில் மேடாக எழும். இது நாணயசாலைக்குள்ளேயே நேர்ந்த பிழை.

வெடித்த அச்சு மாற்றப்படும் வரை அதே கோட்டுடன் பல காசுகள் வெளிவந்திருக்கும். எனவே இக்காசை மாத்திரம் கொண்டு ஒருவரை இன்னார் என நிர்ணயிப்பது பாதுகாப்பானதன்று. அன்று வீதி மூடப்பட்டிருந்ததால் இரு பக்கத்து பஸ்களிலிருந்தும் இறங்கிய பயணிகள் மண்மேட்டைக் கால்நடையாகக் கடந்து மறுபக்கத்து பஸ்ஸைப் பிடித்தார்கள் என்றும், இறந்தவர் எத்திசையில் சென்றுகொண்டிருந்தார் என்பதற்குச் சாட்சி எவரும் இல்லை என்றும் தாங்கள் அனுப்பிய பொலிஸ் குறிப்பில் கண்டேன். அதில் நான் கூறுவதற்கு எதுவுமில்லை.

இதே கோடுள்ள ஒரு காசு ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது. அது இப்போது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளச் சற்று அவகாசம் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தவநேசன்
சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு


ஹட்டன்,
07.12.2024

அன்புள்ள தங்கச்சி ஜீவராணிக்கு,

நீயும் பிள்ளை நிலக்ஷியும் இந்த மழைக்காலத்தில் ஒரு குறையுமின்றி இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். இங்கு நானும் உன் அண்ணி பிரேமினியும் இருக்கிறோம். முழங்காலில் செய்த சத்திரசிகிச்சை ஆறிவருகிறது. பஸ் பயணம் இன்னும் சில மாதங்களுக்குக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் உன் காதுக்குப் பாதிச் சொல்தான் எட்டும் என்பதால் வழக்கம் போலவே எழுதுகிறேன்.

ராகலைப் பக்கம் பெரிய சேதம் இல்லை என்று பத்திரிகையில் பார்த்தேன். உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள மேட்டை மாத்திரம் கவனித்துக்கொள். வெடிப்பு ஏதாவது தெரிந்தால் உடனே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கோயில் மண்டபத்துக்குப் போய்விடு. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதே.

ஒரு சிறிய விடயம். என் காசுப் பதிவேட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறேன். மருமகன் வினோஜனின் காதுகுத்தில் அவனை மடியில் வைத்திருந்த தாய்மாமன் என்ற முறையில் நான் கொடுத்த ஐம்பது சதக் காசு உனக்கு நினைவிருக்கும். அது இப்போது வீட்டில் இருக்கிறதா? இருந்தால் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது பார்த்தாய் என்று இரண்டு வரி எழுது. அவசரம் ஒன்றுமில்லை. ஆனாலும் இக்கடிதம் கிடைத்த அன்றே எழுதினால் நல்லது.

வினோஜனிடமிருந்து ஏதாவது செய்தி உண்டா?

அன்புடன்,
அண்ணன் தவநேசன்


ராகலை,
16.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

மாரியாத்தா புண்ணியத்துல நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீங்களும் அண்ணியும் சொகமா இருக்கீங்களான்னு எழுதுங்க. காலைத் தொங்கப் போட்டு ஒக்காராதீங்க, வீங்கும். கட்சிக்காரங்க வந்தா கட்டில்ல இருந்தபடியே பேசுங்க, வக்கீலுக்கு வாய்தானே வேலை செய்யணும்.

லயத்துக்குப் பின்னால மண்ணு கொஞ்சம் எறங்குச்சு. தொரை வந்து பாத்துட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல"ன்னுட்டுப் போனாரு. அவருக்குப் பயமில்லதான், பங்களா மேல இருக்கு. பிள்ளை மடுவத்துல இப்ப என் பொறுப்புல பதினாலு பிள்ளைங்க. அம்மாமாருங்க கொழுந்தெடுக்கப் போன நேரமா மழை பலத்துச்சுன்னா பதினாலும் ஒண்ணா அழுவும். காது மந்தத்தை ஆண்டவன் எனக்கு எதுக்குக் குடுத்தான்னு இப்பதான் வெளங்குது.

காசு இருக்கு அண்ணே. எங்க போவும்? சாமித் தட்டுல விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்துல எப்பவும் போல இருக்கு. போன வெள்ளிக்கிழமையும் கையில எடுத்தேன். பதிவேட்டுல "இருக்கு"ன்னு போட்டுக்குங்க. இன்னொரு சங்கதி கேளுங்க. டவுன் நகைக்கடைக்காரரு வெளக்குப் பூசைக்கு வந்தவரு அதைப் பாத்துட்டு, "அக்கா, இது சும்மா காசு இல்ல, பிரூப் காசு. ராசா பாக்குறதுக்குன்னே தனியா அடிச்சது. கண்ணாடி மாதிரி மின்னுது பாருங்க. குடுக்கிறீங்களா?"ன்னு கேட்டாரு. "எங்கண்ணன் குடுத்தது. அவரு ஹட்டன்ல வக்கீலு"ன்னேன். மனுசன் வடையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சிட்டாரு.

வினோஜனைப் பத்திக் கேட்டிருந்தீங்க. என்னத்த எழுத. தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர் வேலைக்கு நான் நாலு பேருகிட்ட தலை குனிஞ்சு நின்னு ஏற்பாடு பண்ணுனா, இவன் கொழும்புல இரும்புக்கடைக்குப் போறேங்கிறான். "போனா இந்த வாசலை மிதிக்காதடா"ன்னேன். லயமே வேடிக்கை பாத்துச்சு. "இந்த வீட்டுத் துரும்பு கூட எனக்கு வேணாம்"னு பையைக் கொட்டிக் காட்டிட்டுப் போனான். ஆடி மாசம் போனவன். நம்பரையும் மாத்திட்டான். தீபாவளிக்குக் கொழும்பு போன பக்கத்து லயத்து அழகன் அவனைக் கடை வாசல்ல பாத்தானாம். மெலிஞ்சிட்டானாம். நானும் வாயை அடக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்க தங்கச்சி ஜீவராணி


ஹட்டன்,
20.12.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். நீயும் பிள்ளையும் அவ்வாறே இருப்பீர்களாக. உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். காசு சாமித் தட்டில் இருக்கிறது என்ற வரியை அதற்கும் மேலாக வாசித்தேன். உன் அண்ணி அன்று பாயசம் வைத்தாள். காரணம் கேட்காதே.

நகைக்கடைக்காரர் சொன்னதை நம்பாதே. பிரூப் காசு என்பது புழக்கத்துக்காக அடிக்கப்படுவதன்று. அச்சையும் வெறும் தகட்டையும் மெருகிட்டு, நிதானமாக இரண்டு முறை அடிப்பார்கள். அதனால் வெற்றிடம் கண்ணாடி போலவும், மேடாக எழுந்த உருவம் மங்கலாகவும் இருக்கும். விளிம்பு கத்தி போலக் கூர்மையாக நிற்கும். விளக்கிய காசு அப்படியன்று. அது எல்லா இடமும் ஒன்று போல மின்னும். வெளிச்சத்தில் சாய்த்தால் துணி தேய்த்த நுண்ணிய கோடுகள் தெரியும். மினுக்கத்தைக் கொண்டு காசைத் தீர்மானிப்பவர், புது வேட்டியைக் கொண்டு மாப்பிள்ளையைத் தீர்மானிப்பவரைப் போன்றவர்.

இருப்பினும், கண்டதை இரண்டாம் முறை பார்ப்பது என் தொழிற் பழக்கம். ஆகையால் இரண்டு காரியம் செய். முதலாவது, ராசா தலையிலுள்ள கிரீடத்தின் உச்சிக்கும் விளிம்புக்கும் இடையே உன் நகத்தை மெல்லக் குறுக்கே இழு. நகம் ஒரு மேட்டில் தடுக்க வேண்டும். விழுந்தால் அது கீறல். தடுக்கினால் அச்சு வெடிப்பு. இரண்டாவது, மெல்லிய வெள்ளைக் கடதாசியைக் காசின் மேல் விரித்து, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால் உருவம் பதியும். நிலக்ஷி அழகாகச் செய்வாள். அதைக் கடிதத்தோடு வைத்து அனுப்பு.

இது வெறும் பதிவேட்டுக்காகத்தான்.

அன்புடன்,
அண்ணன்


ராகலை,
30.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்க சொகம். உங்க கால் எப்பிடி? அண்ணிக்கு மூட்டு வலி கொறைஞ்சிருச்சா?

நிலக்ஷி தேச்சுக் குடுத்த கடதாசி உள்ள இருக்கு. ராசா மூக்கு நல்லா விழுந்திருக்கு. பிள்ளை மடுவத்துல வச்சுத்தான் தேச்சோம். அதைப் பாத்துட்டுப் பதினாலு பிள்ளைங்களும் ஆளுக்கொரு காசு கேட்டு ஒரே ரகளை. ஒருத்தன் வாயில போட்டுக்கிட்டான். குப்புறப் போட்டு முதுகுல தட்டுன பெறகு ராசா வெளிய வந்தாரு.

அண்ணே, திட்டாதீங்க. நகம் தடுக்கல. வழுக்கிக்கிட்டுப் போவுது. மூணு விரல்லயும் பாத்தேன். கோடு இல்ல.

தப்பு என் மேலதான். இருவத்திரெண்டு வருசமா வெள்ளிக்கு வெள்ளி குத்துவெளக்கோட சேத்துப் புளியும் சாம்பலும் போட்டு வெளக்கிட்டு வர்றேன். ஆடி முதல் வெள்ளியன்னைக்கு வெளக்கும்போதே கைக்கு வித்தியாசமாத் தெரிஞ்சுச்சு. பாத்தா கோட்டைக் காணோம். அவன் கோவிச்சுட்டுப் போன மறுநாள். அழுதுக்கிட்டே அழுத்தித் தேச்சதுல நானே அழிச்சிட்டேன்னு நெனச்சேன். உங்களுக்குச் சொல்ல வாய் வரல. "இருக்கு"ன்னு எழுதுனப்பவும் மறைச்சுட்டேன்.

காதுகுத்து அன்னைக்கு என் மாமியா சபையில வச்சு, "தாய்மாமன் சீருன்னு குறைக்காசைக் கொண்டாந்திருக்காரு ஹட்டன் வக்கீலு"ன்னாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க கோவப்படல. "குறையில்லாத காசு லச்சக்கணக்குல இருக்கு அத்தை. கூட்டத்துல தொலைஞ்சா இதைத்தான் கண்டுபிடிக்கலாம்"னீங்க. அந்தக் குறையைப் போயி நான் வெளக்கித் தொலைச்சிட்டேன்.

அது சரி, ஒரு காசுக்கு எதுக்கு இம்புட்டு விசாரணை? காசு இருக்குன்னதுக்கு அண்ணி ஏன் பாயசம் வைக்கணும்? கேக்காதன்னா கேக்கத்தான் தோணுது.

இப்படிக்கு,
ஜீவராணி


ராகலை,
13.01.2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நாளைக்குப் பொங்கல். உங்க வீட்டுலயும் பால் நல்லபடியாப் பொங்கணும். இங்க நாங்க சொகம்.

ரெண்டு கெழமையா உங்க பதில் இல்ல. தபால்காரரை மறிச்சு மறிச்சுக் கேக்குறேன். "ஒங்க அண்ணன் கோர்ட்டுல பேசிப் பேசி மை தீந்து போச்சு போல"ங்கிறாரு. கோட்டை அழிச்சேன்னு கோவமா? கோவம்னா கோவம்னு எழுதுங்க. வாங்குன திட்டோட பொங்கல் வச்சிருவேன்.

அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்பேன். பொங்கலுக்கு எப்பிடியும் வருவான்னு நிலக்ஷி சொல்றா.

இப்படிக்கு,
ஜீவராணி


ஹட்டன்,
18.01.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் பொங்கல் வாழ்த்துக் கிடைத்தது. உனக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். தாமதத்துக்கு முழங்கால் ஒரு காரணம். அதுவே முழுக் காரணம் என்று எழுதினால் பொய்யாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நீ எதையும் அழிக்கவில்லை. புளி காசின் மேலுள்ள கறுப்பைத்தான் எடுக்கும். உலோகத்தைக் கரைக்க அதற்கு வலுவில்லை. சாம்பல் தேய்க்கும் என்று வைத்துக்கொண்டாலும், கோட்டுக்கு அருகிலுள்ள எழுத்துகளும் சேர்ந்தே தேய்ந்திருக்க வேண்டும். நிலக்ஷி அனுப்பிய கடதாசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எழுத்துகள் நிமிர்ந்து நிற்கின்றன. விளிம்பு மணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். மற்ற யாவும் இருக்க, கோடு மாத்திரம் தனியே போகாது.

ஆகவே உன் தட்டில் இருப்பது நான் கொடுத்த காசு அன்று. அதே ஆண்டின், பிழை எதுவுமில்லாத வேறொரு காசு. எவரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். ஆடி முதல் வெள்ளிக்கு முந்திய நாட்களில் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று நீயே எண்ணிப் பார்.

நான் உனக்கு எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இன்று எழுத முயன்றேன். இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


ராகலை,
24.01.2025

என் அன்பான அண்ணனுக்கு,

நீங்க நூறு வருசம் நல்லா இருக்கணும். அண்ணி நல்லா இருக்கணும். நாங்க ரொம்ப ரொம்ப நல்லா இருக்கோம்.

யாரு இருந்தாங்களா? நான், நிலக்ஷி, அவன். நிலக்ஷிக்குக் காசுல என்ன தெரியும்? அவளுக்கு எல்லாக் காசும் ஒண்ணுதான், இடியப்பம் வாங்குனா சரி. அவன்தான் அண்ணே! கள்ளப்பய! பையைக் கொட்டிக் காட்டுனானே, அப்ப அது அவன் இடுப்புல இருந்திருக்கும். எங்கயோ அலைஞ்சு அதே மாதிரி இன்னொண்ணை வாங்கி, நான் தேடி அழக் கூடாதுன்னு அதே எடத்துல வச்சிட்டுப் போயிருக்கான். நானும் ஆறு மாசமா அந்தப் பொய்க்காசுக்கு முன்னால நின்னு அவனுக்காகக் கும்புட்டுக்கிட்டு இருந்திருக்கேன். எனக்குச் சிரிப்பும் அழுகையுமா வருது.

எல்லாத்தையும் வேணாம்னவன் மாமன் மடியில வாங்குனதை மட்டும் விட மாட்டேன்னு எடுத்துட்டுப் போயிருக்கான்னா, கோவமெல்லாம் மேலோட்டம்தானே? பிள்ளை மடுவத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். அடுத்த லயத்து சர்மிளா, "ஒம் மவன் திருடுனதைப் பவுன் வாங்குன மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறியே"ன்னா. "ஆமாடி, ஒம் மவனை ஒரு காசு திருடச் சொல்லு பாப்போம்"னேன்.

அடுத்து நீங்க என்ன எழுதப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். அவன் இருக்கிற எடத்தைக் கண்டுபிடிச்சிட்டீங்க. அந்தக் காசை அவன்கிட்ட பாத்திருக்கீங்க. அதான் இம்புட்டுத் துருவித் துருவிக் கேட்டிருக்கீங்க. அண்ணி பாயசம் வச்சதும் அதுக்குத்தான். எங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன் சத்தியம் வாங்கியிருப்பான். சொல்ல வேணாம். அவன்கிட்ட மட்டும் சொல்லுங்க: அம்மா வாசலை மிதிக்காதன்னு சொன்னது வாய்தான், மனசு இல்லன்னு. சித்திரைக்கு வரச் சொல்லுங்க. கிளாக்கர் வேலைப் பேச்சை நான் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
சந்தோசமா இருக்கிற உங்க தங்கச்சி
ஜீவராணி


ஹட்டன்,
02.02.2025

அன்புள்ள தங்கச்சி ஜீவராணிக்கு,

இக்கடிதத்தை நிலக்ஷியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு வாசி. அவள் பள்ளிக்கூடத்தால் வரும் வரை பிரிக்காமல் வைத்திரு.

நீ நினைத்ததில் ஒரு பாதி உண்மை. நான் அக்காசைப் பார்த்தேன். டிசம்பர் நாலாம் திகதி அதை என் கையில் தந்தார்கள். தந்தவன் வினோஜன் அல்லன். வட்டவளைக்கு மேலே நடந்த மண்சரிவில் மீட்ட ஓர் இளைஞனின் இடுப்பில், சிவப்புத் துணியில் முடிந்து கட்டியிருந்தது. கைப்பேசியும் அடையாள அட்டையும் கிடைக்கவில்லை. முகத்தைக் கொண்டு அறிய முடியாத நிலை. காசைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்று விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டிருந்தார்.

கோட்டைக் கண்ட கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆயினும் அதே அச்சில் அடித்த காசுகள் இன்னும் எத்தனையோ இருக்கலாம் என்று என் படிப்பு எனக்குச் சொன்னது. நம்முடைய காசு வீட்டில் இருந்தால் இவன் நம்முடைய பிள்ளை அல்லன். அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உனக்கு எழுதினேன். நீ இருக்கிறது என்றாய்; பாயசம் வைத்தோம். பிறகு உன் கடதாசி வந்தது.

அது வந்த மறுநாள் பஸ் நிலையத்துக்கு அருகில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் இப்றாஹிம் நானாவை வீட்டுக்கு அழைத்துக் கேட்டேன். அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதுகிறேன். "ஜூலை மாசம் ஒரு பொடியன் வந்தாரு சேர். நாப்பத்திமூணுல ஐம்பது சதம் இருக்காண்டு கேட்டாரு. ஒன்டே ஒன்டுதான் இருந்திச்சு, அதுவும் கறுத்துப் போய். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில புளி வாங்கிட்டு வந்து எண்ட கடை வாசல்லயே இருந்து தேய்ச்சாரு. என்னத்துக்கு தம்பி இந்தப் பாடுண்டு கேட்டேன். எங்கம்மா கைக்கு இது பழகின மாதிரி இருக்கணும் நானா, இல்லாட்டி அழுவாங்கண்டு சொன்னாரு." வினோஜனின் படத்தைக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, "இவருதான் சேர்" என்று படத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

இதை நான் உனக்கு ஒரு மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியாலும் ஒரு தவணை வாங்கினேன். வழக்கில் தவணை வாங்குபவனுக்கு முடிவு தெரியும் என்பதை முப்பது வருடமாக நீதிமன்றத்தில் பார்த்துவருகிறேன். உன் கடைசிக் கடிதத்தை வாசித்த பிறகு இனி ஒரு நாள் தாமதித்தாலும் அது பாவம் என்று பட்டது. நேரில் வந்து சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுகிறேன். முழங்காலைக் காரணம் சொல்ல மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

இனி நடக்க வேண்டியது இது. காசு ஒரு சாட்சி மாத்திரமே. உன் இரத்த மாதிரியை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க நீதவான் கட்டளையிடுவார். சாமித் தட்டிலுள்ள காசையும் நீ கொண்டுவந்து, அது எப்படி வந்தது என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்திட வேண்டும். அதுவரை அவனை எவரும் எங்கும் கொண்டுபோக விடாமல் கட்டளை வாங்கியிருக்கிறேன். வர மனம் இல்லையென்றால் எத்தனை நாளானாலும் வராதே. நான் கேட்க மாட்டேன்.

இன்னும் ஒன்று. அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். கொழும்புப் பக்கத்து பஸ்ஸிலிருந்து இறங்கி, ஹட்டன் பக்கத்து பஸ்ஸைப் பிடிப்பதற்காக மண்மேட்டின் மேல் நடந்தான். ராகலைக்குத்தான் வந்தான். இதில் ஒரு சந்தேகமும் இல்லை.

உன் அண்ணன்


ராகலை,
24.02.2025

அண்ணனுக்கு,

உங்க கடிதம் வந்து இருவது நாளாச்சு. நிலக்ஷிதான் வாசிச்சா. பாதியில நிறுத்திட்டா. எனக்குக் காது கேக்கலடி, மறுபடி வாசின்னு சொல்லிப் பாத்தேன். மறுபடியும் அதையேதான் வாசிச்சா.

உங்க மேல கோவம் இருந்துச்சு. ரெண்டு மாசமா நான் சிரிச்சு சிரிச்சு எழுதுனதையெல்லாம் கையில வச்சிக்கிட்டு எப்பிடி இருந்தீங்கன்னு இருந்துச்சு. அப்புறம் நெனச்சுப் பாத்தேன். அந்த ரெண்டு மாசம் எனக்கு அவன் இருந்தான். அதுல பத்து நாள் அவன் என் காசை எடுத்துட்டுப் போன சந்தோசத்துல இருந்தேன். அதை நீங்க குடுத்ததா வச்சிக்கிறேன். அண்ணி கஞ்சி குடிச்சாங்களா? நீங்களும் சாப்பிடுங்க.

பிள்ளை மடுவத்தைச் சர்மிளாகிட்ட ஒப்படைச்சிருக்கேன். அன்னைக்குப் பேசுனதுக்கு அழுதுக்கிட்டே இருக்கா. நீ என்னடி பண்ணுவேன்னு நான்தான் தேத்துனேன்.

வியாழக்கெழமை முதல் பஸ்ஸுல நானும் நிலக்ஷியும் வர்றோம். இரத்தம் எம்புட்டு வேணுமோ எடுத்துக்கட்டும். தட்டுல இருந்த காசையும் கொண்டு வர்றேன். பத்திரமா இருக்கு, போன வெள்ளிக்கு வெளக்கல. சத்தியக் கடதாசியில என்ன எழுதணுமோ எழுதி வைங்க, கையெழுத்து வைக்கிறேன். ஒரு வரி மட்டும் சேத்துக்குங்க. அவன் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தான்னு. ஆறுதலுக்கு நாலு பேரு நாலு சொல்லுவாங்க. நீங்க சாட்சி இல்லாம ஒரு சொல்லு எழுதுற மனுசன் இல்லன்னு எனக்குத் தெரியும். நீங்க எழுதுனதாலதான் நம்புறேன். அது கோர்ட்டுக் கடதாசியிலயும் இருக்கணும் அண்ணே. நாளைக்கு யாரும் மாத்திப் பேசக் கூடாது.

டவுன்ல வெள்ளைச் சட்டை ஒண்ணு வாங்கியிருக்கேன். மெலிஞ்சிட்டான்னு அழகன் சொன்னதால ஒரு அளவு சின்னதா எடுத்தேன். பெட்டியைத் தொறக்க முடியாதுன்னு சொல்லுவாங்கன்னு நிலக்ஷி சொல்றா. அப்படின்னா மேல விரிச்சுப் போட்டுருவோம். கழுத்துப் பட்டனை மட்டும் யாரும் பூட்டிட வேணாம்னு சொல்லி வைங்க. அவனுக்கு மூச்சு முட்டும்.

ஜீவராணி